பூரியும் தாவர உணவுதான்

சைவமும் தாவர உணவும் ஒன்றல்ல. தமிழ்நாட்டுச் சைவச் சாப்பாட்டில் தயிர், மோர், நெய், பால் காபி எல்லாம் உண்டு. வீகன் எனப்படும் முழுத் தாவர உணவில் இவை எதற்கும் இடமில்லை, தேனுக்கும் இல்லை. எடை குறைக்க இம்முறைக்கு மாறுகிறவர்கள் முதலில் தவறுவது கணக்கில்தான். கறியையும் பாலையும் விட்டுவிட்டால் மட்டும் உடம்பு இளைக்காது. செலவாவதைவிடக் குறைந்த கலோரி உள்ளே போனால்தான் இளைக்கும். எண்ணெயில் பொரித்த பூரியும் முறுக்கும் தாவர உணவுதானே! ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறத்தாழ 120 கலோரி, 100 கிராம் தேங்காய்த் துருவலில் சுமார் 350, அதே எடை வேர்க்கடலையில் 560 வரை இருக்கிறது. காய், கீரை, முழுப்பயறு ஆகியவை குறைந்த கலோரியில் வயிற்றை நிரப்பும். இம்முறையின் பலம் அங்கேதான் இருக்கிறது.

அடுத்தது புரதம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். பரிந்துரைப்படி உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம், அதாவது 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு 50 கிராம் தேவை. சாம்பார் ஊற்றிக்கொள்வதால் புரதம் சேர்ந்துவிட்டதாகப் பலரும் நினைக்கிறார்கள். ஒருவர் இலையில் விழும் சாம்பாரில் 20 கிராம் பருப்பு இருந்தாலே பெரிது. அதிலிருந்து கிடைப்பது நாலைந்து கிராம் புரதம். சோறு சாப்பிடுகிறவர்களுக்குக் கணிசமான புரதம் அரிசியிலிருந்தே வருகிறது. ஆகவே சோற்றைப் பாதியாக்கிவிட்டு அந்த இடத்தில் சுண்டல், பாசிப்பயறு, மீல் மேக்கர், டோஃபு என எதையும் வைக்காதவருக்குக் கொழுப்போடு தசையும் கரையும். வாரத்துக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை குறைவது போதும். மளமளவென்று குறைந்தால் பித்தப்பையில் கல் உண்டாகும் வாய்ப்பு கூடும்.

வைட்டமின் பி12 விஷயத்தில் சமரசமே கிடையாது. தாவரங்களில் அது நம்பத்தக்க அளவில் இல்லை. மாவு புளித்தால் பி12 உண்டாகும் என்பதையும், ஸ்பைருலினாவில் நிறைய இருக்கிறது என்பதையும் நம்பி இருந்துவிட முடியாது. கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் குறைபாடு வெளியே தெரியச் சில ஆண்டுகள்கூட ஆகலாம். கால் மரத்துப்போதல், நாக்கு எரிச்சல், மறதி, ஓயாத சோர்வு என்று அது தலைகாட்டும். கீரையிலும் பயறிலும் உள்ள ஃபோலேட் ரத்தசோகையை மறைத்துவிட, நரம்புச் சேதம் மட்டும் சத்தமில்லாமல் தொடரக்கூடும். நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு, மருத்துவர் சொல்லும் அளவில் மாத்திரை எடுப்பதே வழி. இரும்புச்சத்துக்கு, கீரையோடும் பயறோடும் எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்து, டீ காபியைச் சாப்பாட்டிலிருந்து தள்ளிவைத்தால் அது உடம்பில் ஒட்டும்.

காலை வெறும் வயிற்றில் குடிக்கும் சாறுகள் தனிக்கதை. சுரைக்காய்ச் சாறு கசந்தால் உடனே துப்பிவிட வேண்டும். கசப்பைத் தரும் குக்கர்பிடசின் என்ற நஞ்சு ரத்த வாந்தி வரை கொண்டுபோகும். உயிரிழப்புகளும் நேர்ந்திருக்கின்றன, மாற்று மருந்து கிடையாது. மருந்துதானே, கசக்கட்டும் என்று விழுங்குவதில்தான் விபரீதம். பச்சைப் பசலைச் சாற்றை நாள்தோறும் குடித்தால் அதிலுள்ள ஆக்சலேட் சிறுநீரகக் கல்லுக்கு வழிவைக்கும். இன்சுலின் போடுபவர்கள், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள், சிறுநீரக நோயாளிகள், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் உணவை மாற்றக் கூடாது.

கடைப்பொருளில் பச்சைப் புள்ளி இருந்தால் அது சைவம் என்று மட்டுமே பொருள், பால் இருக்கலாம். வீகன் உணவுக்கென 2022இல் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. தனி விதிமுறையும் முத்திரையும் கொண்டுவந்தது. சத்துப் பொடி டப்பாவில் 14 இலக்க உரிம எண்ணும், மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்ற வாசகமும் இருக்க வேண்டும்.

‘பத்து நாளில் பத்து கிலோ’ என்று விற்பவர்கள் மீது நடவடிக்கைக்கு இடமுண்டு. உடல்பருமனைக் குணப்படுத்தும் மருந்து என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மாய நிவாரணச் சட்டம் தடை செய்கிறது. உணவுப்பொருள் பற்றிய பொய் விளம்பரத்துக்கு 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. ஏமாந்தவர் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கறிஞர் இல்லாமலேயே வழக்குத் தொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். ரசீது, டப்பா, விளம்பரத்தின் திரைப்பதிவு ஆகியவற்றைத் தூக்கிப் போடாமல் வைத்திருப்பது அவசியம். பொருளில் கலப்படம் என்று சந்தேகம் வந்தால், வாங்கியவரே கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கேட்கலாம். விதிமீறல் உறுதியானால் அந்தக் கட்டணம் திரும்பக் கிடைக்கும்.