துணைத்தலைவரைத் தேர்வது யார்?

கடிதத்தின் உச்சியில் 'முருகன் துணை' என்று எழுதும் வழக்கம் தமிழ்நாட்டில் இன்றும் உண்டு. அங்கே 'துணை' என்னும் சொல் எழுதுபவரினும் உயர்ந்த ஒன்றைச் சுட்டுகிறது. அலுவலகப் பெயர்ப்பலகையில் 'துணை ஆட்சியர்' என வரும்போதோ அதே சொல் ஒரு படி தாழ்ந்த நிலையைச் சுட்டுகிறது. அரசியல் கட்சியின் துணைத்தலைவர் இவ்விரு பொருளுக்கும் இடையே நிற்பவர். அவர் தலைவருக்குத் தோள் கொடுப்பவரா, தலைமைக்காகக் காத்திருப்பவரா, தலைவர் தடம் மாறாமல் பார்த்துக்கொள்ள உறுப்பினர்கள் நிறுத்திவைத்த காவலரா? அவரைத் தேர்ந்தெடுப்பவர் யார் என்பதைப் பொறுத்தே இதற்கு விடை அமையும். பிரிட்டனின் தொழிலாளர் கட்சி இவ்வினாவோடு நூறாண்டுகளுக்கு மேலாகப் போராடி வருகிறது. ஆகவே இப்பதவியின் இயல்பை அறிய அக்கட்சியின் வரலாறு ஏற்றதொரு களமாகும்.

பதவியின் தோற்றமும் பணியும்

1922ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலுக்குப் பின் தொழிலாளர் கட்சி நாடாளுமன்றத்தின் முதன்மை எதிர்க்கட்சியாக உயர்ந்தது. அதுவரை கட்சியின் உறுப்பினர்களை வழிநடத்திய ஜே. ஆர். கிளைன்ஸ், தலைமைக்கான வாக்கெடுப்பில் ராம்சே மெக்டொனால்டிடம் 56க்கு 61 என்னும் கணக்கில் தோற்றார். தோற்ற கிளைன்ஸே கட்சியின் முதல் துணைத்தலைவரானார். ஏறக்குறைய சரிபாதி ஆதரவு பெற்றவரை வெளியே தள்ளாமல் அருகில் அமர்த்திக்கொண்டது நல்ல ஏற்பாடுதான். எனினும் தலைவரோடு உடன்படாதவர் தலைவருக்கு அடுத்த இருக்கையில் அமரக்கூடும் என்னும் நிலையும் அன்றே தொடங்கிவிட்டது.

துணைத்தலைவர் பதவிவழியாகவே கட்சியின் தேசியச் செயற்குழுவில் இடம்பெறுகிறார்; தேர்தல் பரப்புரையிலும் அமைப்புப் பணியிலும் தலைவரின் சுமையைப் பகிர்ந்துகொள்கிறார். இவை அன்றாடப் பணிகள். தலைமை வெற்றிடமாகும்போதுதான் இப்பதவியின் எடை புலப்படுகிறது. கட்சி எதிர்க்கட்சியாக இருக்கும் காலத்தில் தலைவர் மறைந்தாலோ விலகினாலோ, புதிய தலைவர் தேர்வாகும் வரை துணைத்தலைவரே தலைவராகச் செயற்படுவார். ஆளுங்கட்சியாக இருக்கும்போது விதி வேறு. அப்போது அமைச்சரவை, தேசியச் செயற்குழுவைக் கலந்து, தன் உறுப்பினர் ஒருவரை இடைக்காலத் தலைவராக அமர்த்தும்.

1994 மே 12ஆம் நாள் தலைவர் ஜான் ஸ்மித் மாரடைப்பால் திடீரென மறைந்தார். துணைத்தலைவர் மார்கரெட் பெக்கெட் அன்றே பொறுப்பேற்று, இரண்டு மாதங்களுக்கு மேல் கட்சியை நடத்தினார். பின்னர் நடந்த தேர்தலில் தலைவர், துணைத்தலைவர் ஆகிய இரு பதவிகளுக்கும் போட்டியிட்டு, இரண்டிலும் தோற்றார். தலைமை டோனி பிளேருக்கும் துணைத்தலைமை ஜான் பிரெஸ்காட்டுக்கும் சென்றன. துணைத்தலைவர் பதவியைத் தலைமைக்கான படிக்கட்டு எனக் கருதுவோர் பலர்; வரலாறு அதற்குப் பெரிதும் துணைசெய்யவில்லை. 2025 வரை இப்பதவியில் இருந்தவர்களுள் பின்னர் முறைப்படி தலைவரானவர்கள் கிளமெண்ட் அட்லியும் மைக்கேல் ஃபுட்டும் மட்டுமே.

நியமனமும் தேர்தலும்

பழமைவாதக் கட்சியில் துணைத்தலைவரைத் தலைவரே அமர்த்துவார். 1975இல் மார்கரெட் தாட்சர் வில்லியம் வைட்லாவை அவ்வாறே அமர்த்தினார். வேண்டாமெனில் அப்பதவியை நிரப்பாமலும் விடலாம். தொழிலாளர் கட்சியில் துணைத்தலைவர் தேர்தல் வழியாக வருபவர். ஆகவே தலைவரால் அவரிடமிருந்து அமைச்சுப் பொறுப்பைப் பறிக்க முடியும். துணைத்தலைமையைப் பறிக்க முடியாது. ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் பிரிட்டன் சேர்வதை ஆதரித்த ராய் ஜென்கின்ஸ், அது குறித்த பொதுவாக்கெடுப்பைக் கட்சி ஏற்றபோது 1972இல் துணைத்தலைவர் பதவியைத் துறந்தார். அவரை யாரும் நீக்கவில்லை, தாமாகவே விலகினார்.

1980 வரை தலைவரையும் துணைத்தலைவரையும் நாடாளுமன்ற உறுப்பினர்கள் மட்டுமே தேர்ந்தெடுத்தனர். தெருத்தெருவாகச் சென்று வாக்குச் சேகரித்த தொகுதிக் கிளைகளுக்கோ, கட்சியைத் தோற்றுவித்துப் பொருளுதவி அளித்துவந்த தொழிற்சங்கங்களுக்கோ அதில் நேரடி வாக்கில்லை. 1979 தேர்தலில் கட்சி ஆட்சியை இழந்தபின் இக்குறை பெருங்குரலாக எழுந்தது. 1981 ஜனவரி 24 அன்று வெம்பிளியில் கூடிய சிறப்பு மாநாடு, வாக்குரிமையை மூன்றாகப் பகுத்தது. தொழிற்சங்கங்களுக்கு 40 விழுக்காடு, நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு 30 விழுக்காடு, தொகுதிக் கிளைகளுக்கு 30 விழுக்காடு என்பது அப்பகுப்பு. மறுநாளே ராய் ஜென்கின்ஸ், டேவிட் ஓவன், ஷெர்லி வில்லியம்ஸ், பில் ராட்ஜர்ஸ் ஆகிய நால்வரும் தம் எதிர்ப்பை அறிக்கையாக வெளியிட்டனர். மார்ச் மாதத்தில் அவர்கள் சமூக ஜனநாயகக் கட்சியைத் தொடங்கினர்.

பிரைட்டன் தேர்தல்

புதிய முறை முதன்முதலாகத் துணைத்தலைவர் தேர்தலில்தான் சோதிக்கப்பட்டது. அப்போது தலைவர் மைக்கேல் ஃபுட். துணைத்தலைவர், முன்னாள் நிதியமைச்சர் டெனிஸ் ஹீலி. அவரை எதிர்த்துப் போட்டியிடப்போவதாக இடதுசாரி அணியின் டோனி பென் ஏப்ரல் 2ஆம் நாள் அதிகாலையில் அறிவித்தார். போட்டி வேண்டாமென ஃபுட் கேட்டுக்கொண்டும் பயனில்லை. இவ்விருவருக்கும் இடைப்பட்ட தெரிவாக ஜான் சில்கினும் களமிறங்கினார். ஆறு மாதங்கள் சங்க மாநாடுகளிலும் கிளைக் கூட்டங்களிலும் இதுவே பேச்சாயிற்று. பதவி துணைப்பதவிதான், ஆனால் அணுவாயுதம், ஐரோப்பா, பொருளாதாரம் எனக் கட்சியைப் பிளந்திருந்த கொள்கைகள் எல்லாம் அதன்மேல் வந்து ஏறின.

செப்டம்பர் 27 அன்று பிரைட்டன் மாநாட்டில் வாக்குகள் எண்ணப்பட்டன. முதற்சுற்றில் ஹீலி 45.4, பென் 36.6, சில்கின் 18.0 விழுக்காடு பெற்றனர். எவரும் பாதியைத் தாண்டாமையால் சில்கின் விலக்கப்பட்டு, இரண்டாம் சுற்று நடந்தது. அதன் கணக்கு ஊன்றி நோக்கத்தக்கது. தொகுதிக் கிளைகளுக்குரிய 30இல் பென் பெற்றது 24.3, ஹீலிக்குக் கிடைத்தது 5.7 மட்டுமே. தொழிற்சங்கங்களுக்குரிய 40இல் ஹீலிக்கு 25.0, பென்னுக்கு 15.0. நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குரிய 30இல் ஹீலிக்கு 19.8, பென்னுக்கு 10.2. மூன்றையும் கூட்டினால் ஹீலி 50.426, பென் 49.574. இடைவெளி ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. விரல்விட்டு எண்ணக்கூடிய நாடாளுமன்ற உறுப்பினர்கள் மாறி வாக்களித்திருந்தால் முடிவு தலைகீழாகியிருக்கும். நீல் கின்னாக் உள்ளிட்ட சில இடதுசாரி உறுப்பினர்கள் இரண்டாம் சுற்றில் எவருக்கும் வாக்களிக்கவில்லை. அவர்கள் வாக்களியாமையே ஹீலியைக் காத்தது எனலாம்.

வெற்றியாளர் யார் என்பதைவிட, வாக்குகள் எவ்வாறு உருவாயின என்பதே இத்தேர்தலின் பெரிய பாடம். ஒரு தொழிற்சங்கத்தின் வாக்கு இலட்சக்கணக்கான உறுப்பினர்களின் பெயரால் ஒட்டுமொத்தமாக இடப்படும். அவர்களைக் கேட்டறிய வேண்டும் என்ற கட்டாயம் அன்று இல்லை. தேசியப் பொதுப்பணியாளர் சங்கம் தன் உறுப்பினர்களிடம் கருத்துக் கேட்டது. இடதுசாரிச் சார்புடைய அச்சங்கம் பென்னையே ஆதரிக்கும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. உறுப்பினர்களோ ஹீலியைத் தேர்ந்தனர். நாட்டின் மிகப் பெரிய சங்கமான போக்குவரத்து மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கத்தில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறு. அங்கே கலந்தறிந்தபோது ஹீலிக்கே ஆதரவு மிகுந்திருந்தும், மாநாட்டுக்குச் சென்ற பேராளர்கள் முதற்சுற்றில் சில்கினுக்கும் இரண்டாம் சுற்றில் பென்னுக்கும் வாக்களித்தனர். மக்களாட்சியை விரிவாக்கும் நோக்கில் கொண்டுவரப்பட்ட முறையிலும் உறுப்பினரின் குரல் இடையிலேயே கரைந்துபோகக்கூடும் என்பது வெளிப்பட்டது. நாடாளுமன்ற உறுப்பினர்களின் தனியுரிமையைச் சாடியவர்களுக்கும் இது சங்கடமான உண்மையே.

ஓர் உறுப்பினர், ஒரு வாக்கு

அடுத்து வந்த சீர்திருத்தங்கள் இக்குறையைக் களைய முயன்றன. 1993இல் மூன்று பிரிவுகளுக்கும் சமமாக மூன்றிலொரு பங்கு வழங்கப்பட்டது. சங்கங்களின் பங்கும் அவற்றின் உறுப்பினர்கள் தனித்தனியே இடும் வாக்குகளால் தீர்மானிக்கப்பட்டது. ஆயினும் பிரிவுகள் நீடித்தன. 2007இல் அறுவர் போட்டியிட்ட துணைத்தலைவர் தேர்தலில் வாக்காளர் தம் விருப்பங்களை 1, 2, 3 என வரிசைப்படுத்தினர். கடைசி இடத்தில் இருப்பவர் ஒவ்வொரு சுற்றிலும் விலக்கப்பட்டு, அவருடைய வாக்குகள் அடுத்த விருப்பத்துக்கு மாற்றப்பட்டன. இந்தியக் குடியரசுத் தலைவர் தேர்தலிலும் விருப்ப வரிசை முறையே பின்பற்றப்படுகிறது. முதற்சுற்றில் முன்னிலை பெற்ற ஜான் குரூடாஸ் இறுதிச் சுற்றை எட்டவில்லை. நாடாளுமன்ற உறுப்பினர் பிரிவிலும் சங்கப் பிரிவிலும் ஆலன் ஜான்சனே முன்னிலை வகித்தார். ஆனால் கட்சி உறுப்பினர் பிரிவில் பெற்ற பெரும் முன்னிலையால் ஹாரியட் ஹார்மன் 50.43க்கு 49.56 எனத் தேர்வானார்.

2014இல் இப்பிரிவுகள் நீக்கப்பட்டன. இன்று போட்டியிட விரும்புவோர் தம் கட்சி நாடாளுமன்ற உறுப்பினருள் 20 விழுக்காட்டினரின் முன்மொழிவைப் பெறவேண்டும்; அதன்பின் போதிய எண்ணிக்கையிலான தொகுதிக் கிளைகளோ சங்கங்களோ ஆதரிக்க வேண்டும். இறுதி வாக்கெடுப்பில் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் சாதாரண உறுப்பினருக்கும் ஒரே மதிப்புள்ள ஒரே வாக்கு. முதல் வாயிலின் திறவுகோல் இன்னமும் நாடாளுமன்ற உறுப்பினர் கையில்தான் உள்ளது என்பதை மறுப்பதற்கில்லை.

இம்முறையில் 2015இல் ஜெரமி கார்பின் தலைவராகவும் டாம் வாட்சன் துணைத்தலைவராகவும் ஒரே நாளில் தேர்வாயினர். கொள்கையில் இருவரும் இருவேறு திசையினர். ஒருவரையொருவர் நீக்கவும் இயலாது. 2019 செப்டம்பரில், மீண்டும் பிரைட்டனில் மாநாடு கூடவிருந்த வேளையில், துணைத்தலைவர் பதவியையே ஒழிக்கும் தீர்மானம் செயற்குழுவில் கொண்டுவரப்பட்டது. ஆளை நீக்க முடியாதபோது நாற்காலியை நீக்கும் முயற்சி அது. எதிர்ப்பு வலுக்கவே, கார்பின் தலையிட்டு, பதவியை மறுஆய்வு செய்யலாம் என்றார்; தீர்மானம் கைவிடப்பட்டது.

துணைப் பிரதமர் பதவியோடு இதனைக் குழப்பிக்கொள்ளலாகாது. அது பிரதமர் விரும்பினால் வழங்கும் பதவி. பிரெஸ்காட் இரண்டையும் வகித்தார். ஹார்மன் துணைத்தலைவராகத் தேர்வாகியும் கார்டன் பிரவுன் அவரைத் துணைப் பிரதமராக்கவில்லை. 2025 செப்டம்பரில் ஏஞ்சலா ரெய்னர் இரு பதவிகளிலிருந்தும் விலகியபோது இவ்வேறுபாடு தெளிவாகப் புலப்பட்டது. துணைப் பிரதமர் பதவிக்கு டேவிட் லாமியைப் பிரதமர் அன்றே அமர்த்திவிட்டார். துணைத்தலைவர் பதவிக்கோ வேட்புமனு, முன்மொழிவு, வாக்கெடுப்பு என ஏழு வாரங்கள் ஆயின. அக்டோபர் 25 அன்று வெளியான முடிவில், அமைச்சர் பிரிட்ஜெட் பிலிப்சனை லூசி பவல் வென்றார். சில வாரங்களுக்கு முன்னர்தான் அதே பிரதமர் பவலை அமைச்சரவையிலிருந்து நீக்கியிருந்தார்.