பொட்டலத்துக்குள் பொட்டலம்!



ஓட்டலில் இட்லி பார்சல் வாங்கியிருப்பீர்கள். பையைப் பிரித்தால் இட்லிப் பொட்டலம் இருக்கும்; கூடவே இன்னொரு சின்னப் பை. சாம்பாரும் சட்னியும் அதற்குள் இருக்கும். வெளிப்பையை மட்டும் பிரித்துவிட்டு, "சாம்பார் எங்கே?" என்று கேட்டால் எப்படி?

என் பேரன் பைத்தான் மொழியில் நிரல் எழுதியபோது இதே கதைதான் நடந்தது.

பைத்தான், நெதர்லாந்தைச் சேர்ந்த கைடோ வான் ராசம் 1991ல் வெளியிட்ட கணினி மொழி. மலைப்பாம்பை நினைத்து வைத்த பெயர் அல்ல. 'மான்ட்டி பைத்தான்' என்ற நகைச்சுவைத் தொடரின் பெயர் அது!

எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி எவ்வளவு கொள்ளும் என்று அறிய, நீளம், அகலம், உயரம் மூன்றையும் வாங்கிப் பெருக்கும் 'கனஅளவு' என்ற செயற்கூறை அவன் எழுதினான். அளவுகளை அடிக்கணக்கில் ஒரு பட்டியலாக வைத்தான்.

தொட்டி = [5, 4, 3]

கனஅளவு(தொட்டி) என்று கொடுத்ததும், "இரண்டு உள்ளீடுகள் குறைகின்றன" என்றது கணினி. பாவம், அது முழுப் பட்டியலையும் ஒரே பொருளாக எண்ணி, 'நீளம்' என்று வைத்துக்கொண்டது!

இதற்கு மருந்து, ஒரு நட்சத்திரக் குறி.

கனஅளவு(*தொட்டி)

இரண்டு எண்களுக்கு நடுவே நின்றால் இந்தக் குறி பெருக்கும். இங்கே பட்டியலுக்கு முன்னால் நிற்பதால், பையைப் பிரித்து மூன்று எண்களையும் தனித்தனியே கொடுக்கும். விடை 60 கன அடி. ஏறக்குறைய 1,700 லிட்டர்!

மறுநாள் அவன், நீள அகலங்களைத் தனிப் பட்டியலாக்கி உள்ளே வைத்தான்.

தொட்டி = [[5, 4], 3]

அதே நட்சத்திரம் போட்டான். "ஒன்று குறைகிறது" என்றது கணினி. அழாத குறையாக என்னிடம் வந்தான். காரணம் என்ன? நட்சத்திரம் வெளிப்பையை மட்டுமே பிரிக்கும்; உள்பையைத் தொடாது. [5, 4] ஒன்று, 3 ஒன்று என இரண்டே பொருள்கள்தான் வெளியே வந்தன.

பைத்தானில் எண்ணிக்கை 0 முதல் தொடங்கும். எனவே உள்பை, தொட்டி[0], உயரம், தொட்டி[1]. உள்பைக்கு மட்டும் நட்சத்திரம் போட்டோம்.

கனஅளவு(*தொட்டி[0], தொட்டி[1])

மீண்டும் 60 வந்தது. பேரன் முகத்தில் சிரிப்பும் வந்தது!

பிழைச் செய்தியைக் கண்டு பயப்படாதீர்கள். எத்தனை குறைகிறது என்று அதுவே சொல்லிவிடுகிறதே!

உங்களுக்கு ஒரு கேள்வி: தொட்டி = [5, [4, 3]] என்றால் நட்சத்திரத்தை எங்கே போடுவீர்கள்?

விடை: கனஅளவு(தொட்டி[0], *தொட்டி[1])