கணிப்பொறியின் மின்பசியும் சுவருக்குள் ஓடும் கம்பியும்

திருவனந்தபுரத்தை அடுத்த காரியவட்டத்தில் 1990-இல் டெக்னோபார்க் நிறுவப்பட்ட பின்னர், தமிழ்நாட்டிலிருந்து பணிநிமித்தம் வந்து வாடகை இல்லங்களில் குடியமர்ந்த நம்மவர் பலர். கரமனை, வலியசாலை, கோட்டைப் பகுதிகளில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களோ பழைய வீடுகளிலேயே உள்ளன. இவ்விரு சாராரின் இல்லங்களிலும் இன்று பெரிய கணிப்பொறிகள் வந்து அமர்கின்றன. இளைஞர் சிலர் விளையாட்டுக்கென வாங்குகின்றனர். சிலர் திரைப்படத் தொகுப்புக்கும் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்கும் வாங்குகின்றனர். பெட்டியின் மேல் 1,000 வாட்டு, 1,200 வாட்டு என்று அச்சிட்டிருப்பதைக் கண்ட பெற்றோர், இவ்வீட்டு மின்கம்பி இதனைத் தாங்குமோ என்று வினவுகின்றனர். தாங்கும் என்பதே பெரும்பாலும் விடை. ஆயின், எந்தப் பிளக்கில், வேறு எவற்றோடு சேர்த்து என்பதைக் கேளாமல் அவ்விடையைக் கூறுதல் தகாது.

1981-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட தனியாள் கணிப்பொறியின் மின்வழங்கி 63.5 வாட்டு ஆற்றலே உடையது. ஒரு குண்டு பல்பின் அளவு. 2022-இல் வெளிவந்த என்விடியா 4090 என்னும் கிராபிக்ஸ் கார்டு ஒன்றுமட்டுமே 450 வாட்டு வரை கொள்ளும். 2025-இல் வந்த 5090 என்பது 575 வாட்டு. இதற்கு 1,000 வாட்டு மின்வழங்கி வேண்டுமென்பது அதைச் செய்தவரின் பரிந்துரை. 1,600 வாட்டுப் பெட்டிகளும் கடைகளில் கிடைக்கின்றன.

மின்வழங்கி என்று நாம் மொழிபெயர்த்தாலும், கடைக்காரர் அதனை எஸ்.எம்.பி.எஸ். என்றே வழங்குவர். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டு மாறுமின்னோட்டத்தை 12 வோல்ட்டு நேர்மின்னோட்டமாக்கித் தருவதே அதன் தலையாய பணி. அதன்மேல் எழுதிய எண் அது தரவல்ல உச்ச அளவைக் குறிப்பதன்றி, எந்நேரமும் உண்ணும் அளவைக் குறிப்பதன்று. பத்துப் படி அரிசி வேகும் அண்டாவை வைத்திருப்போர் நாள்தோறும் பத்துப் படி சமைப்பதில்லை. கடிதம் தட்டச்சிடும்போது 100 வாட்டு அளவில் அமைதியாக இருக்கும் அதே பொறி, கடும் பணியில் 700 வாட்டைக் கடக்கும். மாற்றும்போது பத்தில் ஒரு பங்கு வெப்பமாகக் கழிவதால், உள்ளே 1,000 வாட்டு வேண்டின் சுவரிலிருந்து ஏறத்தாழ 1,110 வாட்டு இழுக்கப்படும்.

இனிச் சுவரை நோக்குவோம். நம் நாட்டில் சிறிய பிளக் 6 ஆம்பியர். பெரியது 16 ஆம்பியர். வோல்ட்டால் பெருக்கினால் முன்னது 1,380 வாட்டு, பின்னது 3,680 வாட்டு. அமெரிக்க இல்லங்களில் 120 வோல்ட்டு ஆதலின், 15 ஆம்பியர் இணைப்பில் நெடுநேரம் எடுக்கத்தக்கது 1,440 வாட்டே. அங்கிருந்து வரும் எச்சரிக்கைகளை அப்படியே நமக்குக் கொள்ள வேண்டுவதில்லை.

எனினும் 1,380 என்ற கணக்கை நம்பிச் சிறிய பிளக்கில் செருகுதலை நாம் ஒப்பவில்லை. விளக்கு, மின்விசிறி, சிறு பிளக் ஆகியன பெரும்பாலும் ஒரே கம்பிச் சுற்றில் இணைந்துள்ளன. அத்தகைய சுற்றுக்குப் பத்து இணைப்புகள், 800 வாட்டு என்பது இந்நாட்டில் நெடுங்காலம் வழங்கிவரும் கணக்கு. 1929-இல் இந்நகரில் மின்விளக்கு எரியத் தொடங்கிய நாளில் வீட்டுக் கம்பியின் வேலை விளக்கு ஏற்றுவதே. பழைய வீடுகள் பலவற்றின் கம்பியமைப்பில் அந்த மனப்பான்மை இன்னும் எஞ்சியுள்ளது.

கம்பியில் மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். காப்பாக உள்ள பிளாஸ்டிக் உறை 70 பாகை வெப்பம் வரையில் தாங்கும் என்று வரையறுக்கப்பட்டது. அதற்கு மேல் நாளடைவில் இறுகி வெடிக்கும். எம்.சி.பி. காக்கும் என்று இருந்துவிட இயலாது. 6 ஆம்பியர் எம்.சி.பி. 8 ஆம்பியரை நெடுநேரம் விட்டுக்கொடுக்கக் கூடும். அது அடிக்கடி விழுகிறது என்று எலக்ட்ரீஷியனை அழைத்துப் பெரிய எம்.சி.பி. மாட்டச் சொல்வோர் உளர். காவலனை மாற்றினரேயன்றிக் கம்பியை மாற்றவில்லை. தீ பிடிப்பது கம்பியில்தான்.

மற்றொரு வேறுபாடு பலர் அறியாதது. மாலையில் வோல்ட்டேஜ் தாழ்ந்தால் இஸ்திரிப் பெட்டி குறைவாகச் சூடாகும், மின்னோட்டமும் குறையும். கணிப்பொறியின் மின்வழங்கியோ தனக்கு வேண்டிய வாட்டை விடாது பெற முயலும். 1,000 வாட்டு இழுக்கும் பொறி 230 வோல்ட்டில் 4.35 ஆம்பியர் எடுக்கும். 190 வோல்ட்டில் 5.26 எடுக்கும். 2024 கோடையில் கேரளத்தின் உச்சத் தேவை 5,700 மெகாவாட்டைக் கடந்தது. ஊரெங்கும் ஏ.சி. ஓடும் அத்தகைய இரவுகளில் தாழ்ந்த வோல்ட்டேஜ் கம்பியின் சுமையைக் கூட்டும்.

எர்த் இணைப்பு இல்லாத பிளக்கில் செருகினால் கணிப்பொறியின் இரும்பு உடலில் பாதி வோல்ட்டு தங்கும். மழைக்காலத்தில் வெறுங்காலுடன் தொட்டால் விரலில் சுறுசுறுவென்று ஏறுவது இதனால்தான். மின்னோட்டம் சிறிதாயினும், உள்ளே காப்பு பழுதுபட்ட அன்று முழு வோல்ட்டும் அவ்வுடலுக்கு வரும். ஐப்பசி இடிக்கு அஞ்சி வாங்கும் பாதுகாப்புப் போர்டும் எர்த் இன்றிப் பெரும்பயன் தராது. இடி முழங்கும்போது பிளக்கைப் பிடுங்கிவிடுதலே நன்று.

நால்வர் கூடி ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் இரண்டு பொறிகளையும் கெட்டிலையும் மாட்டுவது அறவே கூடாது. 16 ஆம்பியர் பிளக்கில் நேரே செருகுக. இண்டக்‌ஷன் அடுப்போ கீசரோ அதே சுற்றில் உள்ளதா என்பதையும் பார்க்க. மின்கட்டணமும் எண்ணத்தக்கது: 500 வாட்டில் நாளுக்கு எட்டு மணி நேரம் ஓடினால் மாதம் 120 யூனிட். கேரளத்தில் மாதம் 250 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு மட்டுமன்றி எல்லா யூனிட்டுக்கும் உயர்ந்த விகிதம் பற்றும்.

வீடு பேசும்போதே, எம்.சி.பி. பெட்டியிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி தனியே இழுத்து, அதற்கென ஒரு 16 ஆம்பியர் எம்.சி.பி.யும் எர்த்துடன் கூடிய பிளக்கும் வைத்துத் தருமாறு வீட்டுக்காரரிடம் கேட்கலாம். உரிமம் பெற்ற வயர்மேனுக்கு ஒருநாள் வேலையாகலாம். செலவு எவரைச் சார்ந்தது என்பதை வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்க.