வீடு திரும்பிய சேவல்

இது ஒரு பித்தளைச் சேவல் சிற்பத்தின் கதை. மெழுகில் உருவம் செய்து, மேலே களிமண் பூசிச் சுட்டு, மெழுகு உருகி வடிந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். அச்சை உடைத்தால்தான் சிற்பம் வெளியே வரும். அதனால் ஒன்றைப் போல இன்னொன்று அமைவதில்லை.

பெனின் அரசில் இத்தகைய சேவல்களை அரசரின் தாயாரான இயோபாவின் நினைவாக அமைத்த வழிபாட்டு மேடையில் வைத்தார்கள். (அந்த அரசு இன்றைய நைஜீரியாவில் இருந்தது, பெனின் என்ற நாடு வேறு.) வணங்கிய இடத்தில் இருந்ததை அலங்காரப் பொருள் என்று சொல்வது பெரும் பிழை.

1897 பிப்ரவரியில் பிரிட்டிஷ் படை பெனின் நகரத்தைப் பிடித்து அரண்மனையைச் சூறையாடியது. அரசர் ஓவொன்ராம்வென் கலபாருக்கு நாடு கடத்தப்பட்டார். ஆயிரக்கணக்கான சிற்பங்கள் கப்பலேறின.

இந்தச் சேவலை 1905-இல் மாணவர் ஒருவரின் தந்தை கேம்பிரிட்ஜின் ஜீசஸ் கல்லூரிக்குக் கொடுத்தார். கல்லூரியின் சின்னத்திலும் சேவல்கள் உண்டு. வந்த சிற்பத்தை அன்பளிப்பு என்றே குறித்தார்கள். கொள்ளையில் வந்த பொருளை அன்பளிப்பாகக் கொடுக்க யாருக்கும் உரிமை இல்லை.

மாணவர்கள் குரல் எழுப்பியபின் 2016-இல் கல்லூரி உணவுக்கூடத்திலிருந்து சேவலை அகற்றினார்கள். 2021 அக்டோபர் 27 அன்று நைஜீரியாவின் பிரதிநிதிகளிடம் ஒப்படைத்தார்கள். மறுநாளே அபர்தீன் பல்கலைக்கழகம் ஓபா எனப்படும் பெனின் அரசர் ஒருவரின் தலைச் சிற்பத்தைத் திருப்பித் தந்தது. இரண்டும் 2022 பிப்ரவரியில் பெனின் நகர அரண்மனை சேர்ந்தன. அந்நகரின் இகுன் தெருவில் வார்ப்புக் குடும்பங்கள் இன்றும் தொழில் செய்கின்றன.