மூலநிரலும் திருத்துவோர் பொறுப்பும்

மாணவன் எழுதிய சொல்லொன்றைச் சிவப்பு மையால் அடித்து, அதன்மேல் வேறு சொல் எழுதிவிடுவது எளிது. ஏன் மாற்றினோம் என்று ஓரத்தில் ஒரு வரி எழுதாவிடின், அவன் அத்திருத்தத்தைப் பார்த்தெழுதுவானேயன்றித் தன் பிழையை உணரமாட்டான். தோட்டப் பள்ளியிற் பல்லாண்டுகளாகக் கட்டுரை ஏடு திருத்திவரும் எனக்கு, இந்நெறியைக் கணினி வல்லுநரும் போற்றுகின்றனர் என்பது மகிழ்ச்சி தந்தது. அதனை ஆசிரிய அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

கணினிக்கு இடும் கட்டளைத் தொகுதி நிரல் எனப்படும். மனிதர் எழுதவும் படிக்கவும் கூடிய வடிவில் உள்ள நிரலை மூலநிரல் என்பர். நிறுவனங்கள் பல இதனை மறைத்து வைக்கும். வேறு சிலரோ, யாவரும் படிக்கவும் திருத்தவும் பிறர்க்கு வழங்கவும் உரிமையளித்து வெளியிடுவர். இதுவே திறந்த மூலநிரல். இதற்குச் சிறந்த சான்று லினக்ஸ். பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ஆம் ஆண்டில் இதனைத் தொடங்கினார். ஆண்ட்ராய்டுக் கைப்பேசிகளுக்கும் இதுவே அடிப்படை.

லினக்ஸில் பிழை காண்பவர் யாது செய்தல் வேண்டும்? நிரல் முழுவதையும் எழுதி அனுப்ப வேண்டுவதில்லை. மாற்றிய வரிகளே போதும். நீக்கிய வரியின் முன் கழித்தற் குறியும், சேர்த்த வரியின் முன் கூட்டற் குறியும் நிற்கும். இடம் விளங்குதற்பொருட்டு, மாறாத வரிகள் பெரும்பாலும் மூன்று, மேலும் கீழும் காட்டப்பெறும். இதனை ஒட்டு என்னும் பொருள்படப் பேட்ச் என்பர்.

ஒட்டுடன் விளக்கமும் வேண்டும். பிழை யாது, அதனால் விளையும் தீங்கு யாது, இம்மாற்றம் அதனை எங்ஙனம் நீக்கும் என்பவற்றை எழுதுதல் வேண்டும். ஓர் ஒட்டில் ஒரு மாற்றமே இருத்தல் முறை. நிரலின் பகுதிதோறும் அதனைப் பராமரிப்போர் உளர். அவர்கள் மின்னஞ்சல் வாயிலாக, யாவரும் காணக் குறைகளை எடுத்துரைப்பர். அனுப்பியவர் திருத்தி, இரண்டாம் வடிவம், மூன்றாம் வடிவம் எனக் குறித்து மீண்டும் அனுப்புவார். ஏற்கப்பட்டபின் அவர் பெயரும் விளக்கமும் நிரலின் வரலாற்றிற் பதிந்துவிடும். 2005-இல் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய கிட் என்னும் கருவி இவ்வரலாற்றைக் காத்து வருகின்றது.

2003-இல் எஸ்.சி.ஓ. என்னும் நிறுவனம், தன் உரிமைப்பொருள் லினக்ஸிற் புகுந்துவிட்டதென்று ஐ.பி.எம். நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தது. அதன் விளைவாக, 2004 முதல் ஒவ்வோர் ஒட்டின் அடியிலும் ஒரு கையொப்ப வரி வேண்டப்பட்டது. இதனை அளிக்கும் உரிமை தமக்கு உண்டு என்று அனுப்புவோர் அதனால் உறுதி கூறுகின்றனர்.

இது வெறுஞ்சடங்கு எனக் கருதுவோர் பின்வரும் நிகழ்ச்சியை எண்ணிப் பார்க்கலாம். அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழக ஆய்வாளர் சிலர், பரிசோதனை கருதி, குறை பொதிந்த ஒட்டுகளை வேண்டுமென்றே அனுப்பியிருந்தனர். 2021 ஏப்ரலில் அப்பல்கலைக்கழகத்தாரின் ஒட்டுகள் யாவும் விலக்கப்பட்டன. முன்னர் அங்கிருந்து வந்த 400-க்கு மேற்பட்ட ஒட்டுகளைத் தன்னார்வலர் பலர் மீண்டும் ஆராய நேர்ந்தது. அவற்றுள் மிகப் பலவும் செம்மையானவையே என்று பின்னர்த் தெரிந்தது. ஆயினும் சிலர் செயலால், நேர்மையாக உழைத்தோரும் ஐயத்திற்கு ஆளாயினர்.

நிரல் எழுதத் தெரியாதவரும் இப்பணியிற் பங்குகொள்ளலாம்; விளக்க ஏடுகளிலுள்ள எழுத்துப்பிழையைத் திருத்தி அனுப்பினும் அது முறைப்படி ஆராயப்படும். நம் மாணவர் நாளை இத்துறைக்குச் செல்லக்கூடும். நிரல்மொழியை அவர்கள் அங்குக் கற்றுக்கொள்வர். காரணம் காட்டித் திருத்துவதையும், தம் பிழையைப் பிறர் சுட்டும்போது சினவாமல் மறுபடி எழுதுவதையும் நம் வகுப்பிலேயே கற்றுச் செல்லட்டும். அதற்கு, அடுத்த முறை கட்டுரை ஏடு திருத்தும்போது, ஓரத்தில் அந்த ஒரு வரியை நாம் எழுதத் தொடங்குதல் வேண்டும்.