கொடுவா மீனைத் தூண்டிலில் பிடித்தல்

கடைமடை நிலமுடைய மிராசுதார்கள் கொடுவா மீனை அறியாதவரல்லர். கழிமுகங்களிலும், உப்பங்கழிகளிலும், வடிகால் மதகுகளின் வாயிலும் வசிக்கும் இம்மீன், வங்காளத்தில் பேட்கி என்றும் ஆஸ்திரேலியாவில் பாரமண்டி என்றும் வழங்கப்படுகிறது. உணவுக்கு உயர்ந்ததாயிருப்பதோடு, முள்ளில் அகப்பட்டவுடன் நீருக்கு மேலே துள்ளிப் போராடுவதால், பொழுதுபோக்காகத் தூண்டிலிடுவோரும் இதனைப் பெரிதும் விரும்புகின்றனர்.

வேளையறிந்து போவதே முக்கியம். கொடுவா ஓட்டத்தில் அலைந்து இரை தேடுவது குறைவு. மதகின் தூண், சாய்ந்த மரம், கண்டல் வேர் முதலியவற்றின் மறைவில் நின்று, ஓட்டத்தோடு வரும் சிறு மீனையும் இறாலையும் எதிர்பார்த்திருக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் மிகுதி. நீர் வற்றத் தொடங்கி, வாய்க்காலிலுள்ள சிறு மீன்கள் கழிக்குத் திரும்பும் சமயத்தில் வாய்க்கால் வாயில் தூண்டிலிட வேண்டும். அச்சமயம் விடியலோ அந்தியோ ஆயின் உத்தமம்.

உயிருள்ள மடவைக் குஞ்சு நல்ல இரை. முதுகுத் துடுப்பின் கீழ், எலும்பைத் தொடாமல் முள்ளில் கோத்தால் நெடுநேரம் நீந்தும். கொடுவா இரையைக் கடித்து அறுப்பதில்லை. அகன்ற வாயால் நீரோடு உறிஞ்சி விழுங்கும். ஆயினும் அதன் செவுள் மூடியின் விளிம்பு கத்தியை ஒத்தது. முள்ளுக்கு மேல் இரண்டு முழம் தடித்த நைலான் நரம்பு கட்டாவிடில் தூண்டில் அறுந்துபோம். செவுளில் விரல் நுழைத்துத் தூக்குவோர் கையை வெட்டிக்கொள்வதும் உண்டு.

இம்மீன் முதலில் ஆணாகப் பருவமடைந்து, சில ஆண்டுகள் கழித்துப் பெண்ணாக மாறுவது. ஆகவே பத்துக் கிலோ கொடுவாவைத் தூக்கி நின்று படமெடுத்துக்கொள்பவர், பெரும்பாலும் லட்சக்கணக்கில் முட்டையிடும் தாயையே கொன்றவராவர். விதைநெல்லைக் குத்தி உண்பதற்கும் இதற்கும் பேதமில்லை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாகாணத்தில் 58 செ.மீ.க்குக் குறைந்ததையும் 120 செ.மீ.க்கு மேற்பட்டதையும் நீரில் விட்டுவிடல் வேண்டும் என்பது விதி.

தூண்டிலினும் பெருங்கேடு, மதகின் குறுக்கே கட்டும் சிறுகண் வலையாகும். கடலோரத்து உப்புநீரில் பொரிந்த குஞ்சுகள் ஓதத்தோடு வாய்க்கால்களுக்குள் வந்து வளர்கின்றன. விரலளவில் அவற்றை இறாலோடு அள்ளிவிட்டு, பிற்காலத்தில் கழியில் மீனில்லை என்று முறையிடுவதில் பயனென்ன? மதகுகளைக் கண்காணிக்கும் கிராம அதிகாரிகள் இதனைக் கவனித்தல் நலம். குளத்தில் வளர்க்க விரும்புவோரும் இக்குஞ்சுகளையே நம்பியிருக்க வேண்டுவதில்லை. சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் 1997ஆம் ஆண்டில் கொடுவாவைத் தொட்டியிலேயே முட்டையிடச் செய்து குஞ்சு பொரிப்பித்தது.

பெரிய மீனை விட்டுவிடக் கருதுவோர் தாடையைப் பற்றித் தொங்கவிடலாகாது. உடலின் பாரத்தால் தாடையும் முதுகெலும்பும் ஊறுபடும். நீரிலேயே முள்ளைக் கழற்றி, ஓட்டத்தை நோக்கித் தலை இருக்கும்படி தாங்கிப் பிடித்து, தானாக வாலை அசைத்த பின் கையை எடுக்க வேண்டும்.