அண்டார்டிகாவுக்குப் பருத்தி பனியன் ஏன் ஆகாது?

போன மாசம் தாமலிலிருந்து அக்கா போன் செய்தாள். அவள் மகன் டீசல் ஜெனரேட்டர் மெக்கானிக். அண்டார்டிகாவில் உள்ள நம் மைத்ரி நிலையத்துக்குக் கோடைக்காலக் குழுவில் போகப் போகிறான். "தம்பி, ஒரு டஜன் பருத்தி பனியன், மங்கி குல்லா, நல்லா தடிமனா ஒரு ஸ்வெட்டர் எடுத்து வெச்சிட்டேன். வேற என்னடா வாங்கணும்?" என்றாள். அவளுக்குப் பதில் சொல்லப் படித்ததுதான் இந்தக் குறிப்பு.

துருவ உடைகளைக் கோவாவில் இருக்கும் தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆராய்ச்சி மையமே கொடுத்துவிடுகிறது. அதனால் எதை வாங்குவது என்பது பெரிய கேள்வி இல்லை. கொடுத்ததை எப்படிப் போடுவது, அதற்குள்ளே எதைப் போடக் கூடாது என்பதுதான் கேள்வி.

மண்பானைக் கணக்கு

சித்திரை வெயிலில் மண்பானைத் தண்ணீர் ஏன் சில்லென்று இருக்கிறது? பானையின் மேல் கசியும் ஈரம் ஆவியாகும்போது பானையின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. வியர்வையைக் குடித்த பருத்தி பனியன் நம் உடம்பை அப்படி ஒரு பானையாக்கிவிடுகிறது. நம் ஊர் வெயிலுக்கு அது வரம், பனியில் அதுவே ஆபத்து.

இன்னொன்று. உடை தானாகச் சூடு தருவதில்லை. இழைகளுக்கு நடுவே சிக்கி நிற்கும் காற்றுதான் உடம்புச் சூட்டை வெளியே விடாமல் காக்கிறது. அந்த இடத்தில் தண்ணீர் புகுந்தால் கதை முடிந்தது. அசையாத காற்றைவிடத் தண்ணீர் இருபது மடங்குக்கும் மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும்.

1911 ஜூன் மாதம், தென்துருவத்தின் நடுக்குளிர்காலத்தில், ஸ்காட் குழுவைச் சேர்ந்த வில்சன், பவர்ஸ், செர்ரி-கரார்ட் மூவரும் எம்பரர் பெங்குயின் முட்டை தேடிப் போனார்கள். அவர்களுடைய வியர்வையும் மூச்சின் ஈரமும் தூங்கும் பைகளில் உறைந்து பனிக்கட்டியானது. சுமார் ஐந்து வாரம் கழித்துத் திரும்பும்போது பைகளின் எடை இரண்டு மடங்குக்கும் மேல். பனிக்கட்டி அவர்கள் உடம்பிலிருந்து வந்ததுதான்.

மூன்று அடுக்கு

ஆகவே ஒரே தடிமன் ஸ்வெட்டர் உதவாது. உடம்பை ஒட்டி மெரினோ கம்பளி அல்லது பாலியஸ்டர் உள்ளாடை. இது வியர்வையை வெளியே தள்ளும். நடுவில் ஃப்ளீஸ் அல்லது இறகு அடைத்த சட்டை. இது காற்றைப் பிடித்து வைக்கும். வெளியே காற்று புகாத மேலங்கி. மைனஸ் 20 டிகிரியில் 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால், திறந்திருக்கும் தோலுக்கு அது மைனஸ் 34 போலத்தான். அதனால் இந்த மூன்றாவது அடுக்கை விடவே முடியாது.

அடுக்குகளின் பெரிய வசதி, கழற்றலாம் என்பது. வேலை தொடங்குமுன் ஒன்றைக் கழற்று, லேசாகக் குளிரட்டும். நின்றதும் உடனே போடு. வியர்த்த பிறகு கழற்றுவது காலம் கடந்த வைத்தியம்.

இதை அக்கா மகனே எனக்கு அனுபவத்தில் சொன்னான். போகிறவர்களுக்கு மருத்துவப் பரிசோதனைக்குப் பிறகு உத்தராகண்டில் சுமார் 9,000 அடி உயரத்தில் உள்ள ஔலியில் இந்தோ-திபெத் எல்லைக் காவல் படை பயிற்சி தருகிறது. "மூட்டையோட மேட்டுல ஏறினப்போ நல்லா வேர்த்துது மாமா. அப்பிடியே நின்னு போட்டோ எடுத்தேன். அஞ்சே நிமிஷம், பல்லு தந்தியடிச்சிது" என்றான்.

சின்னச் சின்ன விஷயங்கள்

1. இறுக்கமான ஷூவுக்குள் இரண்டு சாக்ஸ் கூடாது. ரத்த ஓட்டம் தடைபட்டு விரல் இன்னும் குளிரும். ஷூ ஒரு அளவு பெரிதாக இருக்கட்டும்.

2. விரல்கள் சேர்ந்திருக்கும் உறைதான் அதிகச் சூடு தரும். ஸ்பேனர் பிடிக்க அதைக் கழற்றத்தான் வேண்டும். அதற்காக உள்ளே மெல்லிய கையுறை அவசியம். உறைந்த இரும்பில் வெறுங்கை படவே கூடாது.

3. பனியில் பட்டுத் திரும்பும் புற ஊதாக் கதிர் கண்ணைச் சுடும். கோடையில் அங்கே பல வாரம் சூரியன் மறைவதே இல்லை. பக்கமும் மூடிய கறுப்புக் கண்ணாடி வேண்டும்.

4. போன் உள்சட்டைப் பையில் இருக்கட்டும். பூஜ்ஜியத்துக்குக் கீழே லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் செய்யக் கூடாது.

இவ்வளவும் சொன்னதும் அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டாள்: "நம்ம பக்கத்து ஆளுங்க யாராச்சும் போயிட்டு நல்லபடியா வந்திருக்காங்களா?" சட்டைக்கும் சாக்ஸுக்கும் பின்னால் இருந்த கேள்வி அதுதான்.

இருக்கிறார்கள். திருவாரூர்ப் பக்கம் சன்னாநல்லூரில் பிறந்த கர்னல் கணேசன், 1980களின் கடைசியில் தக்ஷிண் கங்கோத்ரி நிலையத்தில் குளிர்காலக் குழுவுக்கே தலைமை தாங்கித் திரும்பினார். இஸ்ரோவின் மங்களா மணி ஐம்பது வயதைத் தாண்டிப் போய், பாரதி நிலையத்தில் 403 நாள் இருந்துவிட்டு வந்தார். இவன் போவது கோடையில், சில மாதம்தான்.

பனியன் டஜனில் இரண்டை மட்டும் பெட்டியில் விட்டு வைக்கச் சொன்னேன். நிலையத்துக்குள்ளே ஹீட்டர் ஓடும், அங்கே போட்டுக்கொள்ளலாம். மங்கி குல்லாவை எடுக்கச் சொல்லவில்லை. கம்பளிதானே, போகட்டும்.